சூப்பர் மார்க்கெட்டுக்கு ஒரு ரெடி மீல்: அட்டையைக் கடைசியில் அச்சடியுங்கள்

என் வீட்டுப் பரணில் 4,000 அட்டை உறைகள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. நல்ல அட்டை, நல்ல அச்சு, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒன்றுக்கும் உதவாது. உறையில் 350 கிராம் என்று அச்சாகியிருக்கிறது. கடைசியில் நான் விற்றது 320 கிராம். உறையின் பட்டியலில் இல்லாத மாவுச்சத்து ஒன்று பின்னால் உணவில் சேர்ந்துவிட்டது. எடை மாறியதால் பார்கோடு எண்ணும் செல்லாமல் போனது. சமையலில் ஒரு குறையும் இல்லை. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னாலும் பின்னால் செய்ய வேண்டியதை முன்னாலும் செய்ததால் வந்த நஷ்டம் இது.

சூடாக்கிச் சாப்பிடும் உணவைக் கடைக்குக் கொடுக்க நினைப்பவர்கள் ருசியில் ஆரம்பித்து, அடுத்த நாளே பெயருக்கும் லோகோவுக்கும் தாவிவிடுகிறோம். கீழே உள்ள வரிசையில் போங்கள். உரிமமும் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், உங்கள் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. எந்த அலமாரி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ரெடி மீல் மூன்று இடங்களில் ஒன்றில்தான் உட்காரும்: உறைநிலைப் பெட்டி, குளிர் அலமாரி, சாதாரண அலமாரி. செய்முறை, டிரே, ஆயுள், வண்டி வாடகை எல்லாமே இந்த ஒரு முடிவைப் பொறுத்தவை.

உறைநிலை என்றால் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். ஆயுள் மாதக்கணக்கில் வரும், விற்காத சரக்கு கெட்டுப்போகும் பயம் குறைவு. புதிதாக வருபவருக்கு இதுதான் தூக்கத்தைக் கெடுக்காத வழி என்பேன். ஆனால் உற்பத்தி முதல் கடை வரை குளிர்ச் சங்கிலி அறுபடக் கூடாது. நடுவில் ஒருமுறை இளகி மறுபடி உறைந்தால், பெட்டியைத் திறக்கும்போது சாஸ் தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும்.

குளிர் அலமாரி என்றால் 0 முதல் 5 டிகிரிக்குள். வாங்குபவர் இதைப் புதிய உணவாகப் பார்க்கிறார், கூடுதல் விலையும் கொடுக்கிறார். ஆனால் ஆயுள் நாள்கணக்கில்தான். விற்காதது குப்பைக்குப் போகும், அதன் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

சாதாரண அலமாரி என்றால் ரிட்டார்ட் முறை. பையிலோ டிரேயிலோ அடைத்து மூடிய பிறகு அழுத்தக் கலனில் வேகவைப்பது. புளிப்பைக் காட்டும் பி.எச் அளவு 4.6-க்கு மேல், அதாவது அமிலம் குறைவாக, இருக்கும் உணவாக இருந்தால், பையின் நடுவில் கடைசியாகச் சூடேறும் இடம் 121 டிகிரியில் 3 நிமிடம் நின்றதற்குச் சமமான சூட்டையாவது வாங்க வேண்டும். உயிருக்கே ஆபத்தான நச்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமியின் வித்துகளை அழிக்கத்தான் இந்தக் கணக்கு. இதை அனுபவமுள்ள வெப்பச் செயல்முறை நிபுணர் கணக்கிட்டுக் கையெழுத்திட வேண்டும். வீட்டு பிரஷர் குக்கரில் முயன்று பார்க்கும் காரியம் இல்லை. ஒரு வருடம் வரை வெளியே வைக்கலாம் என்பது பெரிய வசதி. பதிலுக்குக் காய்கறியின் கடிபதமும் பச்சை நிறமும் போய்விடும்.

நான் எடுத்தது குளிர் அலமாரி. இன்னொரு முறை ஆரம்பித்தால் உறைநிலையில்தான் ஆரம்பிப்பேன்.

2. கடை விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

பொருள் செலவைக் கூட்டி, அதன் மேல் லாபம் வைத்து விலை சொல்வது இங்கே எடுபடாது. அலமாரியில் உங்கள் இரண்டு பக்கமும் நிற்கப்போகும் பெட்டிகளின் விலையை எழுதிக்கொண்டு அங்கிருந்து இறங்குங்கள்.

வரி நீங்கலாகக் கடை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கடை 35 எடுத்தால் மீதம் 65. விநியோகஸ்தர் அதில் 15 சதவீதம் எடுத்தால் ஏறக்குறைய 55. சலுகை விற்பனைக்கும் வீணாகும் சரக்குக்கும் 5 ஒதுக்கினால் 50. பொருள், டிரே, அதை மூடி ஒட்டும் ஃபிலிம், அட்டை, தொழிற்சாலைக் கூலி, குளிர் வண்டி, ஆய்வகம், காப்பீடு, உங்கள் லாபம் எல்லாம் இந்த 50-க்குள் அடங்க வேண்டும். விகிதங்கள் கடைக்குக் கடை மாறும், கணக்கின் வடிவம் மாறாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடை ‘35 சதவீத மார்ஜின்’ என்று சொல்வது விற்கும் விலையில் 35 சதவீதம். நான் அதை வாங்கும் விலையின் மேல் 35 சதவீதம் என்று நினைத்துக்கொண்டேன். 65-க்குக் கொடுத்தால் என் கணக்கில் கடை விலை 87.75, அவர்கள் கணக்கில் 100. அந்த வித்தியாசத்தில் என் பெட்டி அலமாரியிலேயே விலை கூடிய பெட்டியாகிவிட்டது. விலையை இறக்க வழியில்லாமல் எடையை இறக்கினேன். 350 கிராம் 320 ஆன கதை இதுதான். அதற்குள் உறை அச்சாகி வந்திருந்தது.

3. செய்முறையைத் தொழிற்சாலை மொழியில் எழுதுங்கள்

கைப்பிடி, சிட்டிகை, கரண்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டு, தண்ணீர் உட்பட ஒவ்வொன்றையும் கிராமில் எடை போட்டு, மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். சமைக்கும் முன் எடை, சமைத்த பின் எடை இரண்டும் வேண்டும். எவ்வளவு வற்றியது என்று தெரியாவிட்டால் விலையும் வராது, சத்து அட்டவணையும் வராது.

வீட்டில் அகலப் பாத்திரத்தில் 20 நிமிடம் வற்றவிட்ட கிரேவி, 200 லிட்டர் நீராவிக் கொப்பரையில் அதே 20 நிமிடத்தில் வற்றவே வற்றாது. கொள்ளளவு கூடிய அளவுக்கு மேல்பரப்பு கூடுவதில்லை. என் முதல் பெரிய உற்பத்தி ஓட்டத்தில் கிரேவி கரண்டியிலிருந்து தண்ணீர் போல ஒழுகியது. கொப்பரைக்கு முன்னால் நான் பேச்சற்று நிற்க, அங்கிருந்த சமையல் மேற்பார்வையாளர், “அடுத்த தடவை தண்ணிய முதல்லயே குறைச்சுடுங்க, இது வத்தாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வரியை ஒரு மாதம் முன்னால் கேட்டிருக்கலாம். இன்னொன்று, கொப்பரையில் சூடு நெடுநேரம் நிற்கும். அடுப்பை அணைத்த பிறகும் காய் வெந்துகொண்டே இருக்கும். அரைவேக்காட்டில் நிறுத்தப் பழகுங்கள். காரத்தையும் வாசனைப் பொருள்களையும் அப்படியே பெருக்காமல் ஒவ்வொரு அளவிலும் ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

கெட்டிப்படுத்தச் சாதாரண சோள மாவு போட்டால் உறைந்தாலோ, நாள்பட நின்றாலோ தண்ணீர் கக்கும். அதைத் தாங்கக்கூடிய, ‘மெழுகுச் சோளம்’ என்ற சோள ரகத்தின் மாவோ மாற்றியமைத்த மாவுச்சத்தோ தேவைப்படும். என் பட்டியலில் பின்னால் புகுந்த பொருள் இதுதான்.

எந்த மாதிரியையும் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் மதிப்பிடாதீர்கள். வாங்குபவர் அதை ஒருநாளும் அப்படிச் சாப்பிடப்போவதில்லை. டிரேயில் அடைத்து, குளிரவைத்து, சில நாள் கழித்து மைக்ரோவேவில் சூடாக்கிய பிறகுதான் ருசி பாருங்கள். மலிவான பொருளுக்கு மாறும்போது வித்தியாசம் தெரிகிறதா என்று அறிய முக்கோணச் சோதனை போதும்: மூன்று கிண்ணம், இரண்டில் பழையது, ஒன்றில் புதியது, எது வேறு என்று கேளுங்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், அதைவிடத் தெளிவாகக் கூடுதல் பேர் கண்டுபிடித்தால்தான் வித்தியாசம் இருக்கிறது என்று பொருள். உறவினர்களைக் கூப்பிடாதீர்கள். அவர்களுக்கு எல்லாமே நன்றாக இருக்கும்.

4. தொழிற்சாலையும் பாதுகாப்புத் திட்டமும்

சொந்தத் தொழிற்சாலை கட்டும் எண்ணத்தைத் தள்ளிப்போடுங்கள். பிறருக்குச் செய்துகொடுக்கும் ஒப்பந்த உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியவை நான்கு: உணவு உரிமம், ஹாசப் திட்டம், பி.ஆர்.சி., ஐ.எஃப்.எஸ்., எஸ்.க்யூ.எஃப்., எஃப்.எஸ்.எஸ்.சி. 22000 போன்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ்களில் ஒன்று, ஒரு ஓட்டத்துக்கான குறைந்தபட்ச எண்ணிக்கை. பெரிய கடைகள் பல, அந்தச் சான்றிதழ் இல்லாத ஆலையின் சரக்கைத் தொடவே மாட்டார்கள். செய்முறையைக் காட்டும் முன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். ஆலையில் வைத்து மாற்றிய செய்முறை யாருக்குச் சொந்தம் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். என் முதல் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. ஆலையை மாற்றியபோது மாவுச்சத்தின் அளவை நான் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஹாசப் என்பது எந்தக் கட்டத்தில் எந்த ஆபத்து வரலாம், அதை எந்த அளவீட்டால் தடுக்கிறோம் என்று எழுதிவைக்கும் முறை. ஆலைதான் அதை எழுதும் என்றாலும் நீங்களும் படித்தாக வேண்டும். குளிர் உணவில் மூன்று எண்களைப் பாருங்கள்.

உணவின் நடுப்பகுதி 70 டிகிரியில் 2 நிமிடம் நின்றால் லிஸ்டீரியா என்ற கிருமி கட்டுப்படும். ஆனால் காற்று நீக்கியோ வாயு நிரப்பியோ அடைத்து 10 நாளுக்கு மேல் ஆயுள் போட வேண்டுமென்றால் அது போதாது. பிரிட்டனின் உணவுத் தர முகமை அதற்கு 90 டிகிரியில் 10 நிமிடம் அல்லது அமிலம், உப்பு போன்ற வேறொரு தடுப்பைக் கேட்கிறது. மூன்றாவது ஆறவைக்கும் வேகம். அமெரிக்க உணவு விதித்தொகுப்பின்படி 57 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள்ளும், தொடங்கியதிலிருந்து மொத்தம் 6 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும். சோறு இருக்கும் டிரேயில் இதில் சமரசமே கூடாது. பேசில்லஸ் செரியஸ் கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. மெதுவாக ஆறும்போது அது பெருகி வெளியிடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

5. ஆயுள் சோதனை: இங்கே அவசரப்படவே கூடாது

உறைநிலைக்கும் ரிட்டார்ட்டுக்கும் இந்தக் கட்டம் வேறு மாதிரி இருக்கும். நான் பட்டது குளிர் உணவில் என்பதால் அதையே சொல்கிறேன். 12 நாள் ஆயுள் போட வேண்டுமென்றால் 15 நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும். அதிக வெப்பத்தில் வைத்துச் சீக்கிரம் முடிக்கும் குறுக்குவழி குளிர் உணவுக்குப் பொருந்தாது. வெப்பம் மாறினால் வளரும் கிருமியே மாறிவிடும்.

மாதிரி ஆலையில், உண்மையான டிரேயில், உண்மையான ஃபிலிமில் அடைத்ததாக இருக்க வேண்டும். நான் வீட்டில் சமைத்ததைக் கொடுத்தேன். ஆய்வகம் அறிக்கையும் தந்தது. கடையின் தர அதிகாரி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘இது ஆலைச் சரக்கு இல்லையே’ என்று திருப்பிக் கொடுத்தார். 7 வாரம் போனது, கட்டணமும் போனது.

செலவை இப்படிக் கணக்கிடுங்கள்: 3 தனித்தனி ஓட்டங்கள், ஒவ்வொன்றிலும் 5 தேதிகள், ஒவ்வொரு தேதியிலும் 4 சோதனைகள் என்றால் 60 கட்டணங்கள். ஆய்வகத்தில் விலை கேட்கும்போது இந்த 60-க்குக் கேளுங்கள், ஒன்றுக்குக் கேட்டுவிட்டு மகிழ்ந்துபோகாதீர்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி 5 டிகிரியில் நிற்பதில்லை என்பதால், ஆயுளின் பிற்பகுதியை 8 டிகிரியில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கிடங்குக்கு வரும்போது ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு மீதமிருக்க வேண்டும் என்று பல கடைகள் நிபந்தனை போடும். 12 நாளில் 8 நாள் கடைக்கு. மீதி 4 நாளில்தான் உற்பத்தி, ஆய்வக முடிவு, வண்டி எல்லாம். நடுவில் வார விடுமுறை வந்தால் அதில் 2 நாள் காணாமல் போகும்.

6. பெயர்

பெயர் பிடித்துவிட்டதென்று உடனே லோகோ வரையச் சொல்லாதீர்கள். வணிகக் குறிப் பதிவேட்டில் முதலில் தேடுங்கள். பன்னாட்டு வகைப்பாட்டில் இறைச்சி, மீன், காய்கறி உணவுகள் 29-ஆம் வகுப்பு. அரிசி, நூடுல்ஸ், சாஸ் 30-ஆம் வகுப்பு. ரெடி மீலுக்குப் பெரும்பாலும் இரண்டிலும் விண்ணப்பிக்க நேரும், கட்டணமும் வகுப்புக்குத் தனித்தனி. எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றாக இருந்தால் மறுப்பு வரும். ‘சுவையான சாப்பாடு’ மாதிரி பொருளை வர்ணிக்கும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம். கிடைத்தாலும் பிறர் அந்தச் சொற்களைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது.

பதிவு அந்தந்த நாட்டுக்கு மட்டும். ஒரு நாட்டில் விண்ணப்பித்த 6 மாதத்துக்குள், வணிகக் குறி உள்ளிட்ட உரிமைகளுக்கான பாரிஸ் உடன்படிக்கையில் உள்ள வேறு நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் தேதியே முன்னுரிமைத் தேதியாகும். ஏற்றுமதி ஆசை இருந்தால் இந்த 6 மாதத்தை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

7. லேபிளும் பார்கோடும்

பொருள் பட்டியலை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு பொருளுக்குள்ளே இருக்கும் பொருள்களையும் விடாதீர்கள். சோயா சாஸ் என்று ஒரு சொல்லில் எழுதிவிடுவோம், அதற்குள் பெரும்பாலும் கோதுமை இருக்கும். ஒவ்வொரு சப்ளையரிடமும் கையெழுத்திட்ட ஒவ்வாமை விவரத்தாள் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 9, அதில் ஒன்பதாவதாக எள் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. விற்கும் நாட்டின் பட்டியலைப் பாருங்கள், பக்கத்து நிறுவனத்தின் லேபிளைப் பார்த்து எழுதாதீர்கள்.

பார்கோடு எண்ணை, அந்த எண்களை வழங்கும் ஜி.எஸ்.1 அமைப்பில் உங்கள் பெயரில் நேரடியாக வாங்குங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் எண்கள் வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். கடை சரிபார்த்தால் அகப்பட்டுக்கொள்வீர்கள். 13 இலக்கக் குறியின் இயல்பான அளவு 37.29க்கு 25.93 மி.மீ.; 80 சதவீதம் வரை சுருக்கலாம். இரு பக்க வெற்றிடத்தில் வடிவமைப்பாளர் எதையும் வரையக் கூடாது. சிவப்பு நிறக் கோடுகள் கூடவே கூடாது: கல்லாவில் இருக்கும் ஸ்கேனரின் ஒளி பெரும்பாலும் சிவப்பு, அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளையும் ஒன்றுதான். நிகர எடை மாறினால் புது எண் வாங்க வேண்டும். வெளிப்பெட்டிக்கு வேறு எண்.

சூடாக்கும் குறிப்பையும் சோதித்துத்தான் எழுத வேண்டும். 700 வாட் மைக்ரோவேவில் எத்தனை நிமிடம், 900-இல் எத்தனை நிமிடம் என்று தனித்தனியாகப் பாருங்கள். டிரேயின் ஓரம் கொதிக்கும்போது நடுப்பகுதி குளிர்ந்தே கிடக்கும். தெர்மாமீட்டரை நடுவில் குத்துங்கள்.

8. டிரேயும் அட்டையும்

ஓவனில் வைக்கும் உணவென்றால் சி.பெட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த டிரே, அது 220 டிகிரி வரை தாங்கும். மைக்ரோவேவுக்கு மட்டும் என்றால் மலிவான பாலிபுரொப்பிலீன் போதும், ஆனால் சாதாரண ரகம் உறைநிலையில் நொறுங்கும். கருப்பு டிரே அழகுதான். கரி நிறமி கலந்த கருப்பை மறுசுழற்சி நிலையத்தின் அகச்சிவப்புக் கதிர் அடையாளம் காணாது என்பதால் பல கடைகள் அதை ஏற்பதில்லை, முன்பே கேட்டுவிடுங்கள்.

அட்டையின் எந்தப் பக்கம் வாங்குபவருக்குத் தெரியும் என்று போய்ப் பாருங்கள். படுத்த உறைநிலைப் பெட்டியில் மேலிருந்து பார்ப்பார்கள், நின்ற அலமாரியில் முன்விளிம்பு மட்டும் தெரியும். நான் செய்த நல்ல காரியம் ஒன்றே ஒன்று: வீட்டில் அச்செடுத்த உறையை வேறொரு பெட்டியில் சுற்றி, கடை மேலாளரிடம் சொல்லிவிட்டு அலமாரியில் வைத்து, நான்கு அடி தள்ளி நின்று பார்த்தேன். பெயரை விலைச்சீட்டின் பட்டை மறைத்தது. அன்றைக்கே பெயரை ஒரு விரற்கடை மேலே ஏற்றச் சொன்னேன்.

படத்தில் இருப்பது டிரேயிலும் இருக்க வேண்டும். படம் எடுக்க ஆலைச் சரக்கையே கொடுங்கள்.

ஃபிலிமில் அச்சடிக்கும் கிராவூர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை செய்ய வேண்டும், குறைந்தபட்ச ஓட்டமும் மிகப் பெரிது. முதல் ஓட்டத்துக்கு ஃபிலிமை வெறுமையாக விட்டு, அட்டை உறையை மட்டும் டிஜிட்டல் அச்சில் 1,000 எடுங்கள். ஒன்றின் விலை கூடும், பரணில் ஏறும் எண்ணிக்கை குறையும்.

9. கடையின் கொள்முதல் அதிகாரியைப் பார்க்கும்போது

சங்கிலிக் கடைகள் பல, ஒவ்வொரு பிரிவையும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் மாற்றியமைக்கும். அந்தத் தேதியை முதலில் தெரிந்துகொண்டு மற்ற வேலைகளை அதற்கேற்ப வையுங்கள். நான் மூன்று வாரம் பிந்தி, ஆறு மாதம் காத்திருந்தேன். முதல் கொப்பரையிலிருந்து அலமாரி வரை மொத்தம் 14 மாதம் ஆனது.

கையில் எடுத்துப்போக: ஒரு பக்கப் பொருள் விவரம், விலைத்தாள், ஆலைச் சான்றிதழ், ஆயுள் அறிக்கை, லேபிள் வரைவு, பொறுப்புக் காப்பீடு, ஐஸ் பெட்டியில் நான்கு டிரே. மைக்ரோவேவ் இருக்குமா என்று முந்தின நாளே கேளுங்கள்.

அங்கே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியது பணம். அலமாரி நுழைவுக் கட்டணம் உண்டா, சலுகை விலையின் சுமை யாருக்கு, விற்காத சரக்கு யாருக்கு, பணம் எத்தனை நாளில் வரும். 60 நாள் என்றால், முதல் பணம் கைக்கு வரும் முன் வாரம் ஒன்று வீதம் எட்டு ஓட்டங்களுக்கு நீங்கள் கையிலிருந்து செலவு செய்திருப்பீர்கள். சரக்கு நன்றாக விற்றும் பணமில்லாமல் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். முதல் ஆர்டரை 200 கடைக்கு வாங்காதீர்கள், 10 கடை கேளுங்கள்.

10. முதல் 12 வாரம்

ஒவ்வொரு ஓட்டத்திலும் சில டிரேக்களை ஆயுள் முடியும் வரை உங்களிடமே வைத்திருங்கள். புகார் வந்தால் அவைதான் சாட்சி. ஒரு தொகுதி எண்ணைச் சொன்னால், அதன் பொருள்கள் யாரிடமிருந்து வந்தன, எந்தெந்தக் கடைக்குப் போயின என்று சில மணி நேரத்தில் சொல்ல முடிகிறதா என்று ஒரு ஒத்திகையும் பாருங்கள். வாரம் ஒருமுறை கடைக்குப் போய் அலமாரியின் வெப்பத்தையும் முன்வரிசையில் எத்தனை நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். கிடங்கில் சரக்கு இருந்தும் அலமாரி காலியாக இருப்பது அடிக்கடி நடக்கும்.

இரண்டாவது அச்சுக்கு அவசரம் வேண்டாம். எனக்கு முதல் மாதத்தில் வந்த புகார்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: ஃபிலிம் வெடித்து மைக்ரோவேவ் முழுக்கக் கிரேவி. ஃபிலிமில் துளையிடச் சொல்லும் வரியை உறையின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தேன், உறையை உருவிக் குப்பையில் போட்ட பிறகுதான் எல்லோரும் டிரேயைக் கையில் எடுக்கிறார்கள். மீதமிருந்த உறைகளைத் தீர்க்கும் வரை ஃபிலிமின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளித்தேன்.